போடிக்கு ரயில் திரும்பி வந்த நாளில் போனவர்கள் யாராவது இருக்கிறீர்களா?

எஞ்சின்பித்தன்
2023 ஜூன் 15. மதியமே போய்ப் புது பிளாட்பாரத்தின் கோடியில் கேமராவோடு இடம் பிடித்துவிட்டேன். கூட்டம், தள்ளுமுள்ளு, அதெல்லாம் உங்களுக்கே தெரியும். ராத்திரி 8.30க்குச் சென்னை வண்டி எடுக்கப்போகிற நேரத்தில் ஒரு பெரியவர் என் கையைத் தொட்டு, "தம்பி, பழைய ஸ்டேஷன்ல தண்ணிக்குழாய் ஒண்ணு இருந்துச்சே, அது எந்தப் பக்கம்?" என்றார். "தெரியலங்கய்யா, கொஞ்சம் தள்ளி நில்லுங்க, படத்துல விழுறீங்க" என்றேன். வண்டி போனபிறகு திரும்பினால் ஆளைக் காணோம். படம் நன்றாகத்தான் வந்திருக்கிறது, இடது ஓரத்தில் அவருடைய தோள்துண்டு மட்டும் தெரிகிறது. வெட்டிவிட ஒரு நிமிஷம் ஆகாது, இன்னும் வெட்டவில்லை.

கரிவண்டி
போடிக்கு ரயில் இல்லாதது 12 வருஷம், 12 வருஷம் என்று எல்லாரும் சொல்கிறார்கள். அகலப் பாதையாக மாற்றுவதற்காக மீட்டர் கேஜை, அதாவது பழைய குறுகிய பாதையை, 2010 கடைசியில் நிறுத்தியது சரி, ஆனால் 1928ல் போட்ட அந்தப் பாதையை உலகப்போர் சமயத்தில் ஏற்கெனவே ஒரு தடவை பெயர்த்தெடுத்து, 50களில்தான் மறுபடி போட்டார்கள். நான் 2022 மே மாதம் தேனி வரை விட்டபோதே போய்விட்டேன். ஸ்டேஷனில் இறங்கி, போடிக்கு மிச்சமிருந்த 15 கிலோமீட்டரைப் பஸ்ஸில் போனேன். கடுப்பாக இருந்தது.

ஆண்டிபட்டி ஜன்னல்சீட்
நாங்கள் போடிக்கு ரயில் விட்டதற்கு அடுத்த மாதம் எழும்பூரிலிருந்து போனோம். கணவாய்ப் பாறையைப் பார்க்கவேண்டும் என்று மகள் ஊரிலிருந்தே சொல்லிக்கொண்டு வந்தாள். உசிலம்பட்டி தாண்டியதும் தூங்கிவிட்டாள். எழுப்பலாமா வேண்டாமா என்று நான் யோசித்து முடிப்பதற்குள் பாறை போய்விட்டது. "ஏம்மா எழுப்பல" என்று இன்னமும் கேட்கிறாள்.

கரிவண்டி
எழும்பூர் இல்லைங்க, சென்ட்ரல். காட்பாடி, சேலம், கரூர் சுற்றித்தான் அந்த வண்டி மதுரைக்கே வருகிறது.

ஆண்டிபட்டி ஜன்னல்சீட்
சரி சார், சென்ட்ரல். பாறை போனது போனதுதானே.

பத்துரூபா டிக்கெட்
வேறொரு புது ஸ்டேஷனில் என்னை நிறுத்தி, எடுத்த படத்தையெல்லாம் ஒவ்வொன்றாக அழிக்கச் சொன்னார்கள், அழித்தேன், அவ்வளவுதான் என் கதை. புதிதாகப் போகிறவர்களுக்கு ஒன்று: பிளாட்பாரம் டிக்கெட்டைச் சட்டைப் பையில் வைக்காமல் கையிலேயே வைத்திருங்கள். மஞ்சள் கோட்டைத் தாண்டாதீர்கள், கேமரா முக்காலியை விரிக்கவே விரிக்காதீர்கள், அதைக் கண்டாலே சந்தேகம் வந்துவிடும். முதலில் ஸ்டேஷன் மாஸ்டர் அறைக்குப் போய் ஒரு வணக்கம் வையுங்கள், பாதிச் சண்டை அங்கேயே தீர்ந்துவிடும். முதல் நாள் போகாமல் பத்து நாள் கழித்துப் போனால் பெயர்ப்பலகைக்கு முன்னால் செல்ஃபி கூட்டமும் இருக்காது.

எஞ்சின்பித்தன்
நான் முக்காலியெல்லாம் கொண்டுபோகவில்லை. அந்தக் குழாய் எந்தப் பக்கம் இருந்தது என்று போடிக்காரர்கள் யாருக்காவது தெரியுமா?