கழற்றி மாட்டும் விளையாட்டுச் சாமான்: தூண், துளை, அஸ்திவாரம் எப்படி?

மானூர்க்காரன் (கேள்வி)

அண்ணாச்சிமார்களே, தொடக்கப்பள்ளி மைதானத்துக்கு மேடை, சறுக்கு, ஏணி எல்லாம் உள்ளூர் வெல்டிங் பட்டறையிலேயே அடிக்கலாம் என்று திட்டம். இந்த வருசம் சறுக்கு இருக்கிற இடத்தில் அடுத்த வருசம் கயிற்று வலை என்று மாற்ற முடிய வேண்டும். இரண்டு பேர், இரண்டு ஸ்பேனர், அவ்வளவில் முடியணும். இடம் 12 மீட்டருக்கு 9 மீட்டர், கரிசல் மண். பிள்ளைகள் 5 முதல் 10 வயது. 75×75 மி.மீ. சதுர இரும்புக் குழாயில் 150 மி.மீ.க்கு ஒரு துளை போட்டுவிட்டால் எதையும் மாட்டலாம் என்பது என் கணக்கு. ஊஞ்சலும் சேர்க்கலாமா?

பட்டறை 75

சதுரக் குழாய் நல்ல யோசனை. உருண்டைக் குழாய்ன்னா கிளாம்ப் போடணும், நாளாவட்டத்துல அது சுத்திக்கிடும். 3.2 மி.மீ. கனத்துல எடுங்க, மீட்டருக்கு 7 கிலோ வரும். குழாய் 6 மீட்டர் நீளம். தூண் 3 மீட்டர்னு வச்சா ரெண்டா வெட்டலாம், கழிவு இல்ல. ரெண்டு மேடையை ஒட்டி வச்சா நடுத்தூண் ரெண்டும் பொது. ஆக 6 தூண், 3 குழாய்.

150-க்கு ஒரு துளைங்கிறத விட்டுருங்க. எம்12 (12 மி.மீ.) போல்ட்டுக்கு 13 மி.மீ. துளை. 8-லேர்ந்து 25 மி.மீ. வரைக்கும் உள்ள ஓட்டைதான் பிள்ளைங்க விரல் மாட்டுற அளவு. சும்மா கிடக்கிற துளையில மழைத்தண்ணியும் இறங்கும், குளவியும் கூடு கட்டும். மேடைக்கு 600, 900, 1200 மி.மீ.ன்னு மூணு உயரம், பிறகு கைப்பிடிக்கு. அவ்வளவு போதும். அதுலயும் மிச்சமாகிற துளைக்கு பிளாஸ்டிக் மூடி.

அடுத்தடுத்த முகத்துல ஒரே உயரத்துல துளை விழுந்தா உள்ளுக்குள்ள போல்ட்டும் போல்ட்டும் முட்டும். எதிரெதிர் முகம் ஒரு ஜோடிக்குத் துளையை 30 மி.மீ. இறக்கிப் போடுங்க. எது எந்த முகம்னு தூண் தலையில பெயிண்ட் பொட்டு வச்சிருங்க. இல்லைன்னா மாட்டுற அன்னைக்குத் தூணைத் திருப்பி நிறுத்திட்டு முழிக்கணும்.

துளைக்குத் துளை டேப் பிடிக்கவே கூடாது. ஒவ்வொண்ணுலயும் அரை மி.மீ. தப்பினா ஆறாவது துளையில 3 மி.மீ., போல்ட் ஏறாது. 50×50 ஏங்கிள்ல ஒரு ஜிக் (துளை இடம் காட்டுற அச்சு) பண்ணி, எல்லாத் தூணுக்கும் அடிமுனையிலேர்ந்தே அளவு எடுங்க. முதல்ல 6 மி.மீ. பிட், பிறகு 13. துளை, வெல்டிங் எல்லாம் முடிஞ்ச பிறகுதான் கால்வனைசிங் (துத்தநாகத்துல முக்கிப் பூசுறது). மூடின குழாய்னா காத்து போக வழி விடணும், விடாட்டா துத்தநாகத் தொட்டியில வெடிக்கும்.

சரள்மேடு

பட்டறைக்காரர் துளையைச் சரியாகப் போட்டாலும் கரிசல் அதைக் கெடுத்துவிடும். சித்திரையில் வெடித்து ஐப்பசியில் உப்பும் மண். தனித்தனிக் குழியில் கான்கிரீட் போட்டால் ஒவ்வொரு தூணும் ஒரு பக்கம் போகும். அப்புறம் எந்தப் போல்ட்டையும் கழற்றவும் முடியாது, மாட்டவும் முடியாது. குழிக்கு அடியில் 300 மி.மீ. சரள் கொட்டி இடித்து, மேலே 450×450×600 மி.மீ. கான்கிரீட் கட்டு. எல்லாக் கட்டுகளையும் 230×230 கான்கிரீட் பீமால் இணையுங்கள், 10 மி.மீ. கம்பி நான்கு. உப்பினாலும் ஒன்றாக எழும்பும்.

தூணைக் கான்கிரீட்டில் புதைக்க வேண்டாம். தூணின் அடியில் 200×200×10 பேஸ் பிளேட் (அடித்தகடு), அதைக் கட்டோடு பிடிக்க எம்16 ஆங்கர் போல்ட் நான்கு. பிளேட், கீழே கொட்டப்போகிற மணலின் மேல்மட்டத்துக்கு 300 மி.மீ. கீழே இருக்கட்டும், கால் இடறாது. மணல் தொடுகிற இடத்தில்தான் துரு முதலில் பிடிக்கும். அங்கே எப்பாக்சி இரண்டு கோட்.

வேப்பநிழல்

ஊஞ்சலை விட்டுவிடுங்கள். தொங்கும் உயரத்தைப் போல இரண்டு மடங்கு இடம் முன்னாலும் பின்னாலும் காலியாக வேண்டும். 2.4 மீட்டர் உயரம் என்றால் அதற்கே 9.6 மீட்டர் போய்விடும். மேடையைச் சுற்றியும் 1.8 மீட்டர் விட வேண்டும். இரண்டும் உங்கள் இடத்தில் அடங்காது.

சறுக்கை முதலில் வாங்கிவிட்டு மேடையில் துளை போடுங்கள், ஒவ்வொரு கம்பெனிக்கும் வாய் அளவு வேறு. சரிவு 30 பாகைக்கு மேல் வேண்டாம். வடக்கு பார்த்து வைத்தால் சூடாகாது என்று வெளிநாட்டுக் கையேடுகளில் இருக்கும். நம்ம ஊருக்கு அது பொருந்தாது. ஏப்ரல் நடுவிலிருந்து ஆகஸ்ட் கடைசி வரை உச்சிவெயில் நமக்கு வடக்கே நிற்கிறது. தகரச் சறுக்கு எந்தப் பக்கம் திரும்பினாலும் தோசைக்கல்தான். பிளாஸ்டிக் சறுக்கு, மேற்கே ஒரு வேம்போ புங்கையோ.

கழற்றி மாட்டுவதில் பெரிய ஆபத்து இடைவெளி. 89 மி.மீ.க்கும் 230 மி.மீ.க்கும் நடுவில் எந்தச் சந்தும் கூடாது: உடம்பு நுழையும், தலை மாட்டும். தடுப்பும் ஏணியும் தனித்தனியாகச் சரியாக இருக்கும். சேர்த்து மாட்டும்போது நடுவில் புதுச் சந்து ஒன்று பிறக்கும். தச்சரிடம் 89×157 மி.மீ. மரக்கட்டை ஒன்றும் 230 மி.மீ. வட்டப் பலகை ஒன்றும் செய்து வாங்கி, மாற்றும்போதெல்லாம் எல்லாச் சந்திலும் நுழைத்துப் பாருங்கள். கட்டை நுழைகிற சந்தில் வட்டப் பலகையும் நுழைய வேண்டும்.

மானூர்க்காரன்

ஊஞ்சல் வேண்டாம், சரி. கீழே எம்-சாண்ட் கொட்டலாமா? ஆற்று மணல் விலை தெரியும்ல!

சரள்மேடு

கூடாது. எம்-சாண்ட் முனை முனையாக இருக்கும், தூளும் சேர்ந்து இறுகிப்போகும், விழுந்தால் தரைதான். உருண்டை மணல் 300 மி.மீ. வேண்டும். விலை கட்டாவிட்டால் மேடையை 600-லேயே நிறுத்துங்கள்.

பட்டறை 75

மாட்டும்போது எல்லாப் போல்ட்டையும் கையால மட்டும் ஏத்தி, ரசமட்டம் பாத்துட்டுப் பிறகு முறுக்குங்க. முதல் மூலைய இறுக்கிட்டா நாலாவது மூலை சேராது. எம்12×100 போல்ட், நைலாக் நட்டு (தானா கழலாத நட்டு), ரெண்டு பக்கமும் வாஷர், 18-19 ஸ்பேனர் ரெண்டு. குழாய் ஒடுங்குற அளவுக்கு முறுக்காதீங்க. நட்டுக்கு வெளிய ரெண்டு மரைக்கு மேல நீட்டுனா அறுத்துருங்க, பாவாடை மாட்டும்.