வீடியோ ஃபைலுக்கு கேமரா கொடுத்த பேரை மாத்தலாமா, கூடாதா?

கத்தரி:
இதை இன்னைக்கு ஒரு முடிவு பண்ணிடலாம். என்கூட ஷூட் பண்றவர் நல்ல மனசோடதான் செஞ்சார், நான் இல்லன்னு சொல்லல. நான் பாதி எடிட் முடிச்சிருந்த நேரம், தேட சுலபமா இருக்கட்டும்னு டிஸ்க்குல இருந்த கிளிப் எல்லாத்துக்கும் பேர் மாத்தி வச்சிட்டார். மறுநாள் ப்ராஜெக்ட்டைத் திறந்தா டைம்லைன் முழுக்க செவப்பு, மீடியா ஆஃப்லைன், அதாவது ஃபைல் எங்கன்னு சாஃப்ட்வேருக்குத் தெரியல. 140 கிளிப்பையும் கண்ணால பாத்துப் பாத்து திரும்ப இணைச்சேன், ரெண்டு ராத்திரி போச்சு. என் கட்சி: ஃபோல்டருக்கு என்ன பேர் வேணா வைங்க, ஒரிஜினல் ஃபைல் பேர்ல மட்டும் கை வைக்காதீங்க.

பெயர்சூட்டி:
ப்ரோ, அவர் மாத்தினது தப்பில்ல, மாத்தின நேரம் தப்பு. இறக்கினதும் மாத்தி, அதுக்கப்புறம் எடிட்டுக்குள்ள எடுத்திருந்தா ஒரு செவப்பும் வந்திருக்காது. கேமரா வைக்கிற பேரை நம்பி நான் ஒரு தடவை பட்டது போதும். கார்டை ஃபார்மேட் பண்ணினா 0001-ல இருந்து திரும்ப ஆரம்பிக்கிற கேமரா இருக்கு, ஆரம்பிக்காததும் 9999 தாண்டினா சுத்தி வந்துதான் ஆகணும். மூணு கேமரா, நாலு நாள்னா சி0012-ங்கிற பேர்ல பன்னெண்டு ஃபைல் இருக்கலாம். டிஸ்க் மாத்தி, ஃபைலைத் தேடி திரும்ப இணைக்கச் சொல்ற ரீலிங்க் கொடுத்தேன், சாஃப்ட்வேர் பேரைப் பாத்துட்டு வேற நாளோட சி0012-ஐ எடுத்துக்கிச்சு. செவப்பே இல்ல, எரர் இல்ல, அமைதியா தப்பான ஷாட் உக்காந்திருக்கு. உங்க 140 கிளிப்பாவது கத்திச்சு, இது கத்தல. வீடியோவை வாங்கினவர்தான் கண்டுபிடிச்சு ஃபோன் பண்ணார்.

கத்தரி:
அதுக்குத்தான ஃபோல்டர்னு ஒண்ணு இருக்கு? நாள்வாரி ஒண்ணு, உள்ள கேமராவாரி ஒண்ணு.

பெயர்சூட்டி:
யாராவது ஒரு கிளிப்பை மட்டும் இழுத்து பென்டிரைவ்ல போட்டுக் கொடுக்கிற வரைக்கும் ஃபோல்டர் காப்பாத்தும். கலர் பண்றவர், சவுண்ட் பண்றவர்னு அது கை மாறும்போது ஃபோல்டர் கூட வராது ப்ரோ, பேர் மட்டும்தான் வரும்.

நாடாமிச்சம்:
டேப் காலத்து ஆள் நடுவுல வரேன், மன்னிக்கணும். அப்ப ஒரு ஷாட்டுக்கு அடையாளம் ரெண்டே ரெண்டு, எந்த டேப்புன்னு சொல்ற ரீல் நம்பரும், அதுல எந்த இடம்னு மணி:நிமிஷம்:நொடி:ஃப்ரேம் கணக்குல சொல்ற டைம்கோடும். எதை எங்க வெட்டணும்னு எழுதுற எடிட் லிஸ்ட்ல ரீல் பேருக்கு 8 எழுத்துதான் இடம், அதுலயே முழுப் படம் வெட்டியிருக்கோம். "மழை ஷாட் நல்லது"ன்னு யாரும் ரீல் பேர் வச்சதில்ல, அதெல்லாம் ஷீட்ல எழுதினது. இப்ப பாதி கேமரா ஒவ்வொரு கிளிப்பையும் 00:00:00:00-ல ஆரம்பிக்குது, டைம்கோடு இருந்தும் பிரயோஜனம் இல்ல. முதல்ல மெனுல போய் அதை நேரத்தைக் காட்டுற மாதிரி ஃப்ரீ ரன்ல போடுங்கப்பா. பேர் போனாலும் எத்தனை மணிக்கு எடுத்ததுன்னு ஃபைலுக்குள்ள இருக்கும்.

கத்தரி:
அண்ணே சொன்னது சரி. பெயர்சூட்டிக்கு இன்னொரு கேள்வி. சில கேமராவுல வீடியோவோட, அந்த கிளிப்போட விவரம் இருக்கிற ஒரு எக்ஸ்எம்எல் ஃபைலும் அதே பேர்ல வரும். வீடியோ பேரை மட்டும் மாத்தினா அது அனாதை. கோப்ரோ இன்னும் மோசம், நீளமா எடுத்தா துண்டு துண்டா எழுதும், ஜிஎக்ஸ்010034, அடுத்தது ஜிஎக்ஸ்020034. துண்டு நம்பர் முன்னாடி, கிளிப் நம்பர் பின்னாடி. இதை பேர் வரிசையில அடுக்கிட்டு 001, 002-ன்னு மொத்தமா மாத்தினா ஒரு கிளிப்போட ரெண்டாம் பாதி எங்கயோ கடைசில போய் நிக்கும். அப்புறம் அதை யார் கோர்க்கிறது?

பெயர்சூட்டி:
இது நியாயமான அடி, வாங்கிக்கிறேன். அந்த மாதிரி கார்டை அப்படியே முழுசா, ஃபோல்டர் அமைப்போட காப்பி பண்ணி, பத்திரமா எடுத்து வைக்கிற ஆர்க்கைவுக்கு அனுப்பிடுவேன். பேர் மாத்துறது வேலை செய்யுற காப்பில மட்டும்.

கத்தரி:
மாட்டினீங்க. ஆர்க்கைவ்ல கேமரா பேர், ப்ராஜெக்ட்ல உங்க பேர். அஞ்சு வருஷம் கழிச்சு வேலை காப்பி டிஸ்க் செத்துப்போச்சு, ஆர்க்கைவ்ல இருந்து எடுத்து வச்சு ப்ராஜெக்ட்டைத் திறங்க பாப்போம். மறுபடியும் செவப்பு.

எட்டிப்பாத்தவன்:
நான் புதுசு, திட்டாதீங்க. பேர் மாத்தினா ஹாஷும், அதாவது காப்பியை ஒரிஜினலோட ஒப்பிட ஃபைல்ல இருந்து கணக்கு போட்டு எடுக்கிற குறியீடும், மாறிடும்னு எங்கயோ படிச்சேன். அப்ப காப்பி சரியா வந்துச்சான்னு செக் பண்றதே வீணாகிடாதா?

பெயர்சூட்டி:
மாறாது தம்பி. எம்டி5 ஆகட்டும், எக்ஸ்எக்ஸ்ஹாஷ் ஆகட்டும், ஃபைலுக்குள்ள இருக்கிற பைட்டை வச்சுத்தான் கணக்கு போடும், பேர் அதுல சேராது. ஆனா ஹாஷ் எழுதி வச்ச லிஸ்ட்ல பழைய பேர்தான இருக்கும், அதனால பேர் மாத்தின அப்புறம் லிஸ்ட்டை ஓட்டினா "ஃபைல் காணோம்"னு சொல்லும். நீ படிச்சது அதுவா இருக்கும்.

கத்தரி:
பாத்தீங்களா, பேர் மாத்தாதவனுக்கு அந்தப் பிரச்சனையும் இல்ல.

எட்டிப்பாத்தவன்:
இன்னொண்ணு, நான் ஃபைலுக்கெல்லாம் தமிழ்லயே பேர் வைக்கிறேன். அது ஓகேவா?

நாடாமிச்சம்:
ஆசை புரியுது, ஆனா ஒரிஜினலுக்கு வேணாம். "கொ" எழுத்தை எடுத்துக்க, கம்ப்யூட்டர்ல கொம்பும் காலும் சேர்ந்த ஒரே குறியாவும் இருக்கலாம், தனித்தனியா ரெண்டு குறியாவும் இருக்கலாம். கண்ணுக்கு ஒண்ணுதான். மேக்கோட பழைய எச்எஃப்எஸ் ப்ளஸ் டிஸ்க் அதைப் பிரிச்சு வைக்கும், விண்டோஸ்ல டைப் பண்ணினது பொதுவா சேர்ந்தே இருக்கும். ரெண்டுக்கும் நடுவுல டிஸ்க் போய் வந்தா அதே பேர்னு நீ நினைக்கிறது அதுக்கு வேற பேர். லினக்ஸ்ல ஒரு ஃபைல் பேருக்கு 255 பைட்தான், தமிழ்ல ஒரு குறிக்கே 3 பைட் போகும், நீளமா வச்சா சீக்கிரம் முட்டும். தமிழை ப்ராஜெக்ட்டுக்குள்ள, கிளிப் அடுக்குற "பின்" பேர்லயும் குறிப்புலயும் ஆசை தீர எழுது.

பெயர்சூட்டி:
சரி கத்தரி ப்ரோ, உங்க அஞ்சு வருஷ கேள்விக்கு வரேன். ராத்திரி யோசிச்சேன், பழைய பேர் புதுப் பேர்னு ஒரு டெக்ஸ்ட் ஃபைல் வச்சுக்கலாம்னு சொல்லத்தான் வந்தேன், ஆனா அதை நானே ஒழுங்கா வச்சுக்க மாட்டேன்னு எனக்கே தெரியும். அதுக்குப் பதிலா இப்படி: கேமரா பேரை அழிக்காம முன்னாடி மட்டும் ஒட்டணும். 2024-03-09, கீழ்க்கோடு, கேமரா ஏ, கீழ்க்கோடு, அப்புறம் சி0012 அப்படியே. எக்ஸ்எம்எல்லுக்கும் அதே ஒட்டு. வருஷம் முதல்ல, மாசம், நாள், அப்பதான் எந்த சிஸ்டத்துல அடுக்கினாலும் தேதி வரிசை வரும். முன்னொட்டை எடுத்துட்டா பழைய பேர் கைல இருக்கு, ஆர்க்கைவோட ஒப்பிட ஒரு சின்ன ஸ்கிரிப்ட் போதும்.

கத்தரி:
ஒட்டுறது... இது கொஞ்சம் தேவலாம். விவரிப்பு எதுவும் சேர்க்க மாட்டீங்கள்ல? "இன்டர்வியூ நல்ல டேக்"னு வச்சு அப்புறம் அந்த டேக்கே படத்துல இல்லாம போன கதை நிறைய.

பெயர்சூட்டி:
சத்தியமா மாட்டேன். ஒரே ஒரு தடவை, ஹாஷ் பாத்து முடிச்சதும், எடிட்டுக்குள்ள இழுக்கிறதுக்கு முன்னாடி. அதுக்கப்புறம் ஃபோல்டரை யாரும் மாத்த முடியாதபடி ரீட் ஒன்லி ஆக்கிடலாம்.

கத்தரி:
ரீட் ஒன்லி ஆக்கிற சாவி என்கிட்ட இருந்தா ஒத்துக்கிறேன். ஆனா துண்டு துண்டா வர்ற கேமரா, ஃபோல்டர் அமைப்பையே நம்புற கேமரா, இந்த ரெண்டுலயும் ஒட்டுகூட கிடையாது. இதுல நான் இறங்க மாட்டேன்.

நாடாமிச்சம்:
அதுல இறங்கவும் வேணாம். ஆனா தேதியை பேர்ல ஒட்டப் போறீங்கன்னா ஒரு விஷயம், அந்தத் தேதி எங்க இருந்து வருது? கேமரா கடிகாரத்தை எத்தனை பேர் பாத்து வச்சிருக்கீங்க? பேட்டரி ரொம்ப நாள் இல்லாம கிடந்தா அது தன் இஷ்டத்துக்கு எங்கயாவது போய் நிக்கும்.

எட்டிப்பாத்தவன்:
இப்பதான் எடுத்துப் பாத்தேன் அண்ணே. ரெண்டு கேமரா இருக்கு, ஒண்ணு பத்து நிமிஷம் ஸ்லோ. இன்னொண்ணு 2019 ஜனவரி 1.

பெயர்சூட்டி:
போன வாரம் எடுத்ததும் அதுலதானா?

எட்டிப்பாத்தவன்:
ஆமா. எல்லாத்துக்கும் ஏற்கனவே தேதி வச்சு பேர் மாத்திட்டேன்.

கத்தரி:
பழைய பேர் எங்கயாவது இருக்கா தம்பி?

எட்டிப்பாத்தவன்:
கார்டை இன்னும் ஃபார்மேட் பண்ணல.

கத்தரி:
பண்ணாத. கார்டை எடுத்து தனியா வை, வரேன்.