12 வருட வேலையை விட்டு விலகப் பயமாக இருக்கிறது

கேள்வி (வெள்ளவத்தைவாசி):
கொழும்பில் ஒரு தனியார் நிறுவனத்தின் கணக்குப் பிரிவில் 12 வருடங்களாகப் பணிபுரிகிறேன். வயது 39, இரண்டு பிள்ளைகள். காலி வீதியை அண்டிய அலுவலகங்களுக்கு மதியச் சோற்றுப் பார்சல் கொடுக்கும் சிறிய சமையற்கூடம் ஒன்றைத் தொடங்குவது நெடுநாள் விருப்பம். விலகல் கடிதத்தை எழுதி மேசை இலாச்சிக்குள் வைத்து மூன்று மாதங்களாகின்றன. ஒவ்வொரு மாத முடிவிலும் திகதியை மாற்றி மீண்டும் அச்செடுக்கிறேன், ஆனால் முகாமையாளரின் கதவருகே போனதும் கை வியர்த்துத் திரும்பிவிடுகிறேன். இது கோழைத்தனமா, செவிகொடுக்க வேண்டிய எச்சரிக்கையா என்று எனக்குப் பிரித்தறியத் தெரியவில்லை.

பதில் (புறக்கோட்டை வியாபாரி):
சகோதரி, இரண்டும் கலந்திருக்கிறது என்றே நினைக்கிறேன். எண்ணிப் பார்க்கக்கூடிய பகுதியை முதலில் தாளில் எழுதுங்கள். 15 பேருக்குக் குறையாமல் வேலை செய்யும் நிறுவனமாயின், 5 வருடம் நிறைவு செய்தவருக்கு, ஒவ்வொரு வருடத்துக்கும் கடைசிச் சம்பளத்தில் அரை மாதம் வீதம் பணிக்கொடை உண்டு. உங்களுக்கு அது ஆறு மாதச் சம்பளம். மறுபக்கத்தில், ஊழியர் சேமலாப நிதிக்கு நிறுவனம் செலுத்திவரும் 12 வீதமும் நம்பிக்கை நிதிக்கான 3 வீதமும் நின்றுவிடுவதையும் இழப்பாகவே எழுதுங்கள். பலர் இதை மறந்து, கைக்கு வரும் சம்பளத்தை மட்டும் பார்க்கிறார்கள். பணிக்கொடையில் மூன்று மாதச் சம்பளத்தை வீட்டுச் செலவுக்கு ஒதுக்கி, மீதியை முதலாக்கி, அது முழுவதும் போனாலும் பிள்ளைகளின் படிப்பு நிற்காது என்றால் துணியலாம். நகையை அடகு வைத்து மட்டும் தொடங்காதீர்கள்.

பதில் (கொட்டாஞ்சேனை அக்கா):
தம்பியின் கணக்கு சரி. ஆனால் கை வியர்ப்பதற்குக் கணக்கு மட்டும் மருந்தாகாது. இடியப்பம் விற்கத் தொடங்கிய முதல் நாள், 50 இடியப்பத்தையும் சம்பலையும் சுமந்துகொண்டு ஓர் இரும்புக் கடை வாசலில் நின்றேன்; விலை சொல்ல வாய் வரவில்லை. கடைக்காரரே மூடியைத் திறந்து பார்த்து, “எவ்வளவு?” என்று கேட்டார். பத்துப் பன்னிரண்டு நாள் அந்த வாசலில் நெஞ்சு படபடத்தது. பிறகு எப்போது நின்றது என்று நான் கவனிக்கவேயில்லை. 2022 இல் எரிவாயு கிடைக்காத மாதங்களில் சமையலை நிறுத்த நேர்ந்தது; கடன் இல்லாததால், சிலிண்டர் வந்ததும் அதே தட்டுகளோடு மீண்டும் தொடங்க முடிந்தது. தங்கச்சி, கடிதம் இலாச்சியிலேயே இருக்கட்டும். வரும் சனிக்கிழமை 20 பார்சல் சமைத்து, அறிமுகமில்லாத ஓர் இடத்துக்கு நீங்களே கொண்டுபோய் விலை சொல்லுங்கள். சொந்தக்காரருக்கு விற்பது கணக்கில் வராது, அவர்கள் முகத்துக்காக வாங்குவார்கள்.

கேட்டவரின் மறுமொழி:
அக்கா, பண இழப்பை விட, “விட்டுப் போனவள் திரும்பி வந்து வேலை கேட்கிறாள்” என்ற பேச்சுக்கே நான் அதிகம் பயந்திருக்கிறேன் என்று இதை வாசித்தபோதுதான் விளங்கியது. வீட்டுச் செலவையும் எழுதிப் பார்த்தேன். மூன்று மாதம் போதாது, நான்கு மாதம் வேண்டும். சனிக்கிழமைக்குச் சோறு, பருப்பு, கத்தரிக்காய்ப் பால்கறி, மீன் குழம்பு என்று தீர்மானித்திருக்கிறேன். இந்த மாதம் கடிதத்தின் திகதியை மாற்றவில்லை.