அலுமினிய டிரம் குச்சியில் மணிக்கட்டு வரை அதிர்வு: குறைப்பது எப்படி?

டிரம்ஸ் வாசிக்க, ஹிக்கரி மரத்தாலான 5ஏ (நடுத்தர அளவு) குச்சியிலிருந்து அதே அளவு அலுமினியக் குச்சிக்கு மாறிச் சில மாதங்கள் ஆகின்றன. நைலான் முனை, மேல்பாதியில் கழற்றி மாற்றும் பிளாஸ்டிக் உறை. சிம்பு தெறிப்பதில்லை, உடைவதில்லை, ஜோடியில் இரண்டு குச்சியும் ஒரே எடை. அதனாலேயே இதை விட மனமில்லை.

சிக்கல் அதிர்வுதான். ஸ்னேர் டிரம்மில் ரிம்ஷாட் (தோலையும் விளிம்பு வளையத்தையும் ஒருசேர அடிப்பது) அடிக்கும்போதும், ஹை-ஹாட் எனும் ஜோடி சிம்பலின் விளிம்பில் குச்சியின் தோள்பகுதி (முனைக்குக் கீழே சரியும் பகுதி) படும்போதும் சுரீரென்று மணிக்கட்டு வரை ஏறுகிறது. அரைமணி நேரத்தில் கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் மரத்துப்போகின்றன. அதே பாட்டை அதே வேகத்தில் மரக்குச்சியில் வாசித்தால் ஒன்றும் இல்லை. மரநார் அதிர்வை உள்வாங்கிவிடும். உலோகக் குழாய் நேராகக் கைக்குக் கடத்துகிறது.

பிடியைத் தளர்த்திப் பார்த்தாயிற்று. சிம்பலைச் சற்றுச் சாய்த்து, அதைத் தாங்கியில் இறுக்கும் விங்நட்டையும் இளக்கியதில் கிராஷ் சிம்பலில் மட்டும் பலன் தெரிந்தது. உறையையும் முனையையும் புதிதாக மாற்றினேன். உறை கிழிந்த குச்சியோடு வாசிப்பதே ஆபத்து: வெற்று உலோகம் சிம்பல் விளிம்பில் பட்டால் பள்ளம் விழும், பிறகு அங்கிருந்தே விரிசல் ஓடும். கடைசியாக, அடிமுனையிலிருந்து பாதி நீளத்துக்கு ரப்பர் கிரிப் டேப் சுற்றினேன். அதிர்வு ஓரளவு அடங்கியது. ஆனால் பின்பக்கம் கனத்து, குச்சி துள்ளுவது மந்தமாகி, டபுள் ஸ்ட்ரோக்கில் (ஒரே கையால் அடுத்தடுத்து இரண்டு அடி) இரண்டாவது அடி அமுங்குகிறது.

அலுமினியக் குச்சியில் வாசிப்பவர்களே, துள்ளல் கெடாமல் அதிர்வு குறைய டேப்பை எந்த இடத்தில், எவ்வளவு நீளத்துக்குச் சுற்றுகிறீர்கள்?