உதவி: அத்தானுக்கு கிட்னி ஃபெயிலியர், டிசபிலிட்டி கிராண்ட் வாங்குவது எப்படி?

குமரன்_சாட்ஸ்வொர்த்
வணக்கம். அவசரம். அத்தானுக்கு இரண்டு கிட்னியும் போய்விட்டது என்று டாக்டர் சொல்லிவிட்டார். டயாலிசிஸ் தொடங்க வேண்டுமாம். வேலைக்குப் போக முடியவில்லை. அக்கா ஒரே அழுகை. சாசா (தென் ஆப்பிரிக்க அரசின் உதவித்தொகை அலுவலகம்) கிராண்டுக்கு என்ன ஃபார்ம், எத்தனை நாளில் பணம் வரும்? பிரைவேட் டாக்டர் லெட்டரைக் கொண்டுபோய்க் காட்டினோம், கவுண்டரில் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை. தெரிந்தவர்கள் சீக்கிரம் சொல்லுங்கள்.

மெரிபேங்க்_மாலா
கேட்கவே கஷ்டமாக இருக்கிறது தம்பி. அத்தானுக்கு என்ன வயது? இந்த கிராண்ட் 18 முதல் 59 வரைதான். 60 ஆகிவிட்டால் முதியோர் கிராண்ட், அதற்கு டாக்டர் பரிசோதனையே தேவையில்லை.

தமிழ்வேள்
சிட்டிசனா, பி.ஆரா? ஒர்க் பெர்மிட்டில் வந்தவர் என்றால் சாசா வாசலுக்கே போக வேண்டாம். குடியுரிமை, நிரந்தர வசிப்பு, அகதி அந்தஸ்து, இதில் ஒன்று இருக்க வேண்டும்.

டோங்காட்_ராஜு
மெடிக்கல் எய்ட், அதாவது தனியார் மருத்துவக் காப்பீடு, இருக்கிறதா? இருந்தால் கவலையே வேண்டாம். கிட்னி நோய் பி.எம்.பி. பட்டியலில் இருக்கிறது, காப்பீடு கட்டாயம் தர வேண்டிய குறைந்தபட்ச சிகிச்சைகளின் பட்டியல் அது. எந்த மெடிக்கல் எய்டும் தட்டிக்கழிக்க முடியாது.

பழைய_ஆலமரம்
மாதம் ஒருவர் இதே கேள்வியோடு வருகிறார். தேடிப் பார்க்கும் பழக்கம்தான் வரமாட்டேன் என்கிறது. சரி, இன்னொரு முறை எழுதுகிறேன். சாசாவுக்கு நோயின் பெயர் முக்கியமில்லை. அந்த நோயால் இவர் வேலை செய்ய முடியாது என்பதும், அது எவ்வளவு காலத்துக்கு என்பதும்தான் கேள்வி. ஆறு மாதத்திலிருந்து ஒரு வருஷம் வரை என்றால் தற்காலிக கிராண்ட். அதற்கும் மேல் என்றால் நிரந்தரம். அதை அரசு நியமித்த டாக்டர் பார்த்து எழுத வேண்டும், அந்த அறிக்கையும் மூன்று மாதத்துக்குள் எழுதியதாக இருக்க வேண்டும். பிரைவேட் டாக்டர் லெட்டரை எறிந்துவிடாதீர்கள். ரத்தப் பரிசோதனை ரிசல்ட், ஸ்கேன், மாத்திரைச் சீட்டு எல்லாவற்றோடும் சேர்த்து அந்த டாக்டர் மேஜையில் வையுங்கள். அவருக்கு இருக்கிற பத்து நிமிஷத்தில் காகிதம்தான் பேசும்.

குமரன்_சாட்ஸ்வொர்த்
வயது 54. இங்கேயே பிறந்தவர், பச்சை ஐ.டி. புத்தகம் இருக்கிறது. மெடிக்கல் எய்ட் கிடையாது. வேறு என்ன வேண்டும்?

மெரிபேங்க்_மாலா
அக்கா வேலைக்குப் போகிறார்களா? கல்யாணமானவர் என்றால் இருவர் வருமானத்தையும் சொத்தையும் சேர்த்துத்தான் பார்ப்பார்கள். மூன்று மாத பேங்க் ஸ்டேட்மெண்ட், கல்யாண சர்டிபிகேட் எடுத்து வையுங்கள். விண்ணப்பத்துக்குக் காசு கிடையாது. வாசலில் நின்று "நான் முடித்துத் தருகிறேன்" என்பவனிடம் ஐ.டி.யைக் கொடுத்துவிடாதீர்கள். பணம் வரத் தாமதமானாலும் விண்ணப்பித்த தேதியிலிருந்து கணக்கிட்டுத் தருவார்கள், அதனால் முதலில் விண்ணப்பம் பதிவாக வேண்டும். அத்தானால் எழுந்து வரவே முடியாது என்றால் டாக்டர் குறிப்போடு அக்கா போய்ப் போடலாம்.

தமிழ்வேள்
கிராண்ட் 2025இல் மாதம் 2,300 ராண்டுக்குக் கொஞ்சம் மேலே இருந்தது. டயாலிசிஸுக்கு அது எந்த மூலைக்கு? அரசு மருத்துவமனை இடமில்லை என்றால் நேரே கோர்ட்டுக்குப் போங்கள். அவசர சிகிச்சையை யாருக்கும் மறுக்கக் கூடாது என்று அரசியல் சட்டம் 27(3) சொல்கிறது.

பழைய_ஆலமரம்
போய்த் தோற்ற வழக்கு அது. 1997, சுப்ரமணி வழக்கு. நம் டர்பன்காரர், 41 வயது, சர்க்கரை, இதய நோய், ஸ்ட்ரோக், கடைசியில் கிட்னி. ஆயுள் முழுக்கத் தேவைப்படும் டயாலிசிஸ் அவசர சிகிச்சை ஆகாது, இருக்கிற மெஷினை யாருக்குக் கொடுப்பது என்று மருத்துவமனை விதி வைக்கலாம் என்று அரசியல் சட்ட நீதிமன்றமே சொல்லிவிட்டது. சட்டத்தை எடுத்துக்காட்டும் முன் தீர்ப்பையும் படிப்பது நல்லது. ராஜுவுக்கும் ஒரு வார்த்தை: பி.எம்.பி.யில் டயாலிசிஸ் சுகாதாரத் துறை விதிக்குப் பொருந்துகிறவர்களுக்கு மட்டும்.

டோங்காட்_ராஜு
வீட்டில் அழுதுகொண்டிருப்பவர்களிடம் பேசும் பேச்சா இது? அந்த மனுஷன் தீர்ப்பு வந்து சில நாளில் போய்ச் சேர்ந்தார். அதையும் சொல்ல வேண்டியதுதானே.

பழைய_ஆலமரம்
அழுதால் மெஷின் கிடைக்குமா? அந்த மருத்துவமனை யாரை எடுத்தது தெரியுமா? மாற்றுக் கிட்னி பொருத்தத் தகுதியானவர்களை. அதனால்தான் கேட்கிறேன், குமரன், அத்தானுக்கு இதயக் கோளாறு இருக்கிறதா? இல்லை என்றால் மாற்றுச் சிகிச்சைக்கான பரிசோதனைக்கு இப்போதே எழுதச் சொல்லுங்கள்.

தமிழ்வேள்
முப்பது வருஷம் ஆகப்போகிறது, அதே விதியா இன்னும்? வரிப்பணம் எல்லாம் எங்கே போகிறது என்று கேட்க ஆளில்லை. டெண்டர்காரர்கள்...

மெரிபேங்க்_மாலா
டெண்டர் கதைக்கு வேறு இழை தொடங்குங்கள் அண்ணா. குமரன், அத்தான் இப்போது வேலையில் இருக்கிறாரா, இல்லையா?

குமரன்_சாட்ஸ்வொர்த்
ஃபேக்டரியில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறார், இப்போது லீவு. ராஜினாமா லெட்டர் கொடுத்தால் பிராவிடண்ட் பணம் மொத்தமாக வந்துவிடும் என்று சூப்பர்வைசர் சொல்கிறார். லெட்டர் எழுதி வைத்திருக்கிறார், நாளைக் காலை கொடுக்கப் போகிறார். அக்கா வீட்டிலேயே துணி தைத்துக் கொடுக்கிறாள்.

மெரிபேங்க்_மாலா
ஐயோ, இதையல்லவா முதலில் சொல்லியிருக்க வேண்டும்! லெட்டரைக் கொடுக்க விடாதீர்கள். இன்றைக்கே போன் போடுங்கள்.

டோங்காட்_ராஜு
மாலா அக்கா சொல்வதுதான் சரி. பிராவிடண்ட் ஃபண்டில் உடல்நலக் குறைவுக்கென்று தனி காப்பீடு இருக்கலாம். ராஜினாமா செய்தால் அது கைவிட்டுப் போகும். எச்.ஆரிடம் ஃபண்ட் விதிப்புத்தகம் கேளுங்கள். அவசரச் செலவுக்கு 2024 செப்டம்பரில் வந்த இரண்டு பானை முறை இருக்கிறதே, ஃபண்ட் பணத்தைச் சேமிப்பு, ஓய்வூதியம் என்று பிரித்து வைப்பது, சேமிப்புப் பானையில் 2,000 ராண்ட் இருந்தாலே வேலையை விடாமல் வருஷத்துக்கு ஒரு தரம் எடுக்கலாம். வரி பிடிப்பார்கள், அதைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

பழைய_ஆலமரம்
வேலையில் இருப்பவருக்கு முதலில் யூ.ஐ.எஃப். (வேலையிழப்புக் காப்பீட்டு நிதி), பிறகுதான் சாசா. வாரத்துக்கு ஐந்து நாள் வேலை என்றால் மூன்று வருஷத்துக்கு 30 நாள் சம்பளத்தோடு சிக் லீவு. அது தீர்ந்ததும் யூ.ஐ.எஃப். நோய்ப் பலன், சம்பளத்தில் 38 முதல் 60 சதவீதம், சம்பளம் குறைந்தவருக்கு சதவீதம் கூடும். ஃபார்ம் யூ.ஐ. 2.2, அதில் ஒரு பகுதி டாக்டர் நிரப்புவது. யூ.ஐ. 2.7 முதலாளி நிரப்புவது. வேலைக்குப் போகாமல் நின்ற நாளிலிருந்து ஆறு மாதத்துக்குள் போட வேண்டும். சாசாவுக்குப் போகும்போது யூ.ஐ.எஃப். காகிதத்தையும் கேட்பார்கள். சாசா மறுத்தால் காரணத்தை எழுத்தில் வாங்கிக்கொண்டு 90 நாளுக்குள் மேல்முறையீடு. இதெல்லாம் கேள்வியிலேயே இருந்திருந்தால் முதல் பதிலிலேயே முடிந்திருக்கும்.

தமிழ்வேள்
கிராண்ட் கிடைத்தபின் மருத்துவமனையில் எச் 0 பிரிவில் பதியச் சொல்லுங்கள், கட்டணம் கிடையாது. சிலசமயம் பழைய பிரிவிலேயே பில் போட்டுவிடுவார்கள். டெண்டர் பற்றி நான் சொன்னதில் மாற்றமில்லை.

குமரன்_சாட்ஸ்வொர்த்
லெட்டர் கொடுக்கவில்லை. எச்.ஆர். யூ.ஐ. 2.7 தருகிறார்களாம். சாசாவில் மெடிக்கலுக்குத் தேதி வாங்கிவிட்டோம். எல்லோருக்கும் நன்றி, ஆஸ்பத்திரிக்குக் கிளம்புகிறேன்.

பழைய_ஆலமரம்
இதய நோய் பற்றிக் கேட்டதற்கு இன்னும் பதில் வரவில்லை.

மெரிபேங்க்_மாலா
விடுங்கள் ஐயா, பிள்ளை வந்து சொல்லும். குமரன், யூ.ஐ. 2.8 பேங்க் விவர ஃபார்ம். அதில் பேங்க் முத்திரை வேண்டும். ஆஸ்பத்திரி முடித்து வரும் வழியில் அதையும் போட்டுக்கொண்டு வந்துவிடுங்கள், இல்லாவிட்டால் அதற்கென்று மறுபடி அலையவிடுவார்கள்.