லிகண்ட்: 'ஈனி'யா, 'பிணைவி'யா?

அன்புள்ள குழுவினருக்கு வணக்கம்.

தலையில் திட்டுத்திட்டாக முடி கொட்டும் புழுவெட்டு நோய் பற்றிய கட்டுரையில், உயிரணுவின் ஏற்பியோடு (receptor, வரும் மூலக்கூறைப் பற்றிக்கொள்ளும் புரதம்) வந்து சேரும் மூலக்கூறாகிய லிகண்டை (ligand) 'ஈனி' என்றே எழுதலாம் என முன்மொழியப்பட்டிருந்தது. வேதியியல் பாடநூல்களில் நிலைபெற்ற சொல்தான். ஆனால் அங்கே உலோக அயனிக்கு எலக்ட்ரான் இரட்டையை ஈவதால் அப்பெயர் பொருந்துகிறது. இங்கே எதுவும் ஈயப்படுவதில்லை, இரு மூலக்கூறுகள் வடிவப் பொருத்தத்தால் பற்றிக்கொள்கின்றன. ஆகவே 'பிணைவி' என்பதை முன்வைக்கிறேன். லிகண்டின் இலத்தீன் வேரும் கட்டுதலையே குறிக்கிறது.

சொல்லை நோயிலேயே வைத்துப் பார்ப்போம். வளரும் மயிர்க்கால் இயல்பாக நோயெதிர்ப்பு அணுக்களின் பார்வையில் படாமல் ஒதுங்கியிருக்கிறது. புழுவெட்டில் அந்தக் காப்புக் குலைந்து, யு.எல்.பி.பி.3 போன்ற புரதங்கள் மயிர்க்காலில் மிகுகின்றன. இவையே இங்கே பிணைவிகள். நோயெதிர்ப்பு அணுக்களில் ஒருவகையான, பிற அணுக்களைக் கொல்லும் டி அணுக்களிலுள்ள என்.கே.ஜி.2டி என்னும் ஏற்பி அவற்றைப் பற்றியதும் அவ்வணுக்கள் கிளர்ந்தெழுகின்றன. இப்புரதங்களுக்கான மரபணுப் பகுதிக்கு நோயோடு தொடர்புண்டு என்பதை 2010இல் வெளியான ஆய்வும், அத்தகைய டி அணுக்களே எலிகளில் நோயை உண்டாக்கப் போதும் என்பதை 2014இல் வெளியான ஆய்வும் காட்டின. நுண்ணோக்கியில், தேனீக்கள் மொய்த்தாற்போல நிணநீரணுக்கள் (டி அணுக்கள் இவ்வகையைச் சேர்ந்தவை) மயிர்க்குமிழைச் சூழ்ந்திருக்கும். புழு எதுவும் இல்லைதான். எனினும் 'புழுவெட்டு' என்னும் பெயரை மாற்றிவிட வேண்டாம், மருத்துவரிடம் மக்கள் சொல்லும் சொல் அதுவே.

அந்த டி அணுக்கள் சுரக்கும் காமா இன்டர்ஃபெரான் என்னும் சைகைப் புரதம் மயிர்க்கால் அணுவின் ஏற்பியைச் சேர, அங்கிருந்து வெளிப்படும் இன்டர்லூக்கின்-15 என்னும் மற்றொரு சைகைப் புரதம் மீண்டும் டி அணுவின் ஏற்பியைச் சேர்ந்து அழற்சியை வளர்க்கிறது. கடுமையான புழுவெட்டுக்கு 2022இல் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்ற பாரிசிட்டினிப் என்னும் மருந்து, பிணைவி வந்து சேர்வதைத் தடுப்பதில்லை. ஏற்பியின் உட்புறத்தில் ஒட்டியிருந்து சைகையை அணுவுக்குள் கடத்தும் ஜேக் (JAK) நொதிகளையே தடுக்கிறது. அணுவின் மேல் ஒட்டிநிற்கும் புரதத்துக்கும் கரைந்து பரவும் புரதத்துக்கும் 'பிணைவி' ஒருங்கே பொருந்துவதை இங்கே காணலாம்.

ஏற்பி பூட்டு, லிகண்ட் சாவி என்ற உவமையை ஒட்டி வந்த 'திறவி' என்னும் சொல் கேட்க இனிமையாக இருந்தாலும் அதை என்னால் ஏற்க இயலவில்லை. எச்.எல்.ஏ.-ஈ என்னும் மூலக்கூறு என்.கே.ஜி.2ஏ என்ற ஏற்பியைச் சேரும்போது அணு கிளர்வதில்லை, அடங்குகிறது. அடக்குவதைத் திறவி என்பது மாணவரைத் தடுமாற வைக்கும். 'இணைவி' என்னும் சொல்லோ இயற்பியலின் அணுக்கரு இணைவை நினைவூட்டுகிறது. 'பிணைவி'யும் வேதிப்பிணைப்போடு மயங்கக்கூடும் என்பது நியாயமான தடைதான். ஆனால் 'ஏற்பி'யோடு சேர்ந்தே பெரும்பாலும் வருவதால் சூழலே அதைத் தெளிவாக்கும் என எண்ணுகிறேன். உயிர்வேதியியல் கற்பிப்போர் வகுப்பில் இதைச் சொல்லிப் பார்த்துத் தங்கள் கருத்தை எழுதுமாறு வேண்டுகிறேன்.