கிளியோனுக்கு நியாயம் கிடைத்ததா?

அக்கா: பெரியப்பா, பழங்கால கிரேக்க வரலாற்றாசிரியர் துசிடிடீஸ் படித்து முடித்துவிட்டேன். ஏதென்ஸுக்கும் ஸ்பார்ட்டாவுக்கும் நடந்த போரைப் பற்றி அவ்வளவு நிதானமாக எழுதுகிறவர், ஏதென்ஸ் அரசியல்வாதி கிளியோன் பேச்சு வந்தாலே கொதிக்கிறார்.

பெரியப்பா: அவன் அப்படிப்பட்ட ஆள்தானேம்மா. கி.மு. 427இல், ஏதென்ஸுக்கு எதிராகக் கலகம் செய்த மிட்டிலீனி ஊரின் ஆண்களை எல்லாம் கொல்லச் சொன்னவன். ஏதென்ஸ் மக்கள் சபை மறுநாள் மனம் மாறியபோதும் அவன் மாறவில்லை. கொலை உத்தரவை நிறுத்த இரண்டாவதாக அனுப்பிய கப்பல் நேரத்துக்குப் போய்ச் சேர்ந்ததால் ஊர் பிழைத்தது.

அக்கா: அதை நான் நியாயப்படுத்தவே மாட்டேன். ஆனால் ஸ்பாக்டீரியா? 20 நாளில் அந்தத் தீவிலுள்ள ஸ்பார்ட்டா வீரர்களைப் பிடிப்பேன், இல்லையேல் அங்கேயே கொல்வேன் என்றார். 292 பேரைப் பிடித்தும் வந்தார். எண்ணிக்கையைத் தருகிற துசிடிடீஸே அதைப் பைத்தியக்காரத்தனமான வாக்குறுதி என்கிறார்!

சித்தி: திட்டம் டெமஸ்தனீஸ் தளபதியுடையதுதானே?

அக்கா: ஆமாம் சித்தி. ஆனால் அவரைத் துணைக்குக் கேட்டு வாங்கியது கிளியோன். அதுவும் திறமைதான்.

தம்பி: தளபதியாக இருந்தபோது ஆம்பிபோலிஸ் ஊர் எதிரியிடம் பறிபோனதால் துசிடிடீஸ் 20 வருடம் நாடு கடத்தப்பட்டாரே. கிளியோன் வேலையா அது?

அக்கா: அவர் நூலில் அப்படி எதுவும் இல்லைடா, அதனால் நான் சொல்ல மாட்டேன். ஆனால் அதே ஊரை மீட்கப் போய்த்தான் 422இல் கிளியோன் செத்தார். ஓடும்போது கொல்லப்பட்டார் என்று துசிடிடீஸ் எழுதுகிறார். தன் கையை விட்டுப் போன ஊர் விஷயத்தில் அவருக்கு மனம் நடுநிலையாக இருந்திருக்குமா?

சித்தி: நகைச்சுவை நாடகாசிரியர் அரிஸ்டோபேனஸும் கிளியோனை விட்டுவைக்கவில்லையே.

அக்கா: அவர் நாடகத்தைப் பற்றி கிளியோன் முன்பே ஆட்சிக்குழுவில் புகார் செய்திருந்தார் சித்தி. அவருடைய ‘குதிரைவீரர்கள்’ நாடகம் 424இல் முதல் பரிசு வாங்கியது. கிளியோனைக் குறித்து, தோல் பட்டறைக்காரன் ஆட்சி செய்வதா என்ற ஏளனம் அதில் நெடுக இருக்கிறது. பார்த்துச் சிரித்த ஏதென்ஸ் மக்களே அந்த வருடம் கிளியோனைத் தளபதியாகவும் தேர்ந்தெடுத்தார்கள்.

தம்பி: ஏன்?

அக்கா: நீதிமன்ற நடுவர்களின் தினக்கூலியை 3 ஓபலாக (ஓபல் என்பது கிரேக்கச் சிறு நாணயம்) உயர்த்தியவர் அவர். அதை வாங்கிய கிழவர்கள் யாரும் வரலாறு எழுதவில்லை. நமக்குக் கிடைத்தது அவரை வெறுத்தவர்களின் எழுத்து மட்டும்.

பெரியப்பா: சரிம்மா, ஆனால் மிட்டிலீனியில் பிறகு ஆயிரம் பேருக்கு மேல் கொல்லப்பட்டதும் அவன் தீர்மானத்தால்தான்.

அக்கா: அது அப்படியே இருக்கட்டும் பெரியப்பா. துசிடிடீஸ் சொல்லும் சம்பவங்களை நம்புகிறேன். கோழை, பைத்தியக்காரன் என்பதை மட்டும் ஏற்க மாட்டேன்.